80 இஞ்ச் ஜீப்பில் பெரிய எஞ்சின்: 2112-ஐ இறக்கிவிட்டு எதை ஏற்றலாம்?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் அப்பா காலத்து சி.ஜே. 3பி ஜீப் ஒன்று நிற்கிறது. குட்டை வண்டி, 80 இஞ்ச் வீல் பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம்). கம்பெனியில் வந்த பெட்ரோல் எஞ்சினை அப்பாவே இறக்கிவிட்டு பியூஜோ 2112 சி.சி. டீசல் ஏற்றி, ஆர்.சி. புக்கிலும் டீசல் என்று முறையாகப் பதிந்து வைத்திருக்கிறார். கியர் பாக்ஸ் பழைய மூன்று கியர்தான், நடுவில் லேத்தில் கடைந்த அடாப்டர் பிளேட்.

வண்டியை ஷோவுக்கு வைத்திருக்கவில்லை, வேலைக்கு வைத்திருக்கிறோம். சம்பா நடவுக்கு நாற்றுக்கட்டு ஏற்றுவது, ஆயில் எஞ்சினை டிரெய்லரில் வைத்து இழுப்பது, படுகையில் தென்னந்தோப்புக்குப் போய்வருவது எல்லாம் இதில்தான். ஆற்றுக்கரை ஏற்றத்தில் டிரெய்லரோடு ஏறும்போது இரண்டாவது கியரில் மூச்சு வாங்குகிறது, முதல் கியருக்கு மாற்றினால் கிளட்ச்சைத் தேய்த்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர் நாகப்பட்டினம் ரோட்டில் போனால் பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கியே போக வேண்டும். எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்தால் புகை அடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது.

எப்படியும் எஞ்சின் வேலை பார்க்கத்தான் போகிறோம், அப்போதே பெரிதாக ஒன்று வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். பொலிரோ டி.ஐ. டர்போ, குவாலிஸ் எஞ்சின், ஸ்கார்பியோ எம்ஹாக், இந்த மூன்றையும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். டெல்டா சேற்றில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

டர்போதம்பி (கும்பகோணம்)

அண்ணே, செலவு செய்வது என்று ஆனபிறகு யோசிக்காதீர்கள், எம்ஹாக்தான். 2.2 லிட்டர், 120 குதிரைச் சக்தி, டார்க் (முறுக்குவிசை) 280 நியூட்டன் மீட்டருக்கு மேல். உங்கள் வண்டி எடையே ஒரு டன் சொச்சம்தான், பறக்கும். அதோடு அந்த ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஹைவேயில் எஞ்சின் அலறாது. அடிபட்ட வண்டியிலிருந்து வயரிங், இ.சி.எம். (எஞ்சினை இயக்குகிற கம்ப்யூட்டர்), சாவி எல்லாம் மொத்தமாகக் கிடைக்கிறது.

லேத்பட்டறை (மன்னார்குடி)

தம்பி சொல்வதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், நீள வண்டியில் அது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இது 80 இஞ்ச். இந்த வண்டியில் எந்த எஞ்சின் நுழையும் என்பதை பானட் முடிவு செய்வதில்லை, எஞ்சினுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ அது முடிவு செய்கிறது.

பானட்டைப் பொறுத்தவரை 3பி கொடுத்து வைத்த வண்டி. அதற்கு முந்தைய சி.ஜே. 3ஏ-யின் எஞ்சின் தணிவானது. 1953-இல் 3பி-யில் ஹரிகேன் என்கிற பெட்ரோல் எஞ்சினை வைத்தபோது, அதில் இன்டேக் வால்வு தலையில் உட்கார்ந்திருப்பதால் உயரம் கூடிவிட்டது, பானட்டைத் தூக்கினார்கள். அந்தத் தூக்கிய முகம்தான் நம் ஊரில் ஜீப் என்றாலே கண்ணில் நிற்கிற முகம். உயரமான எஞ்சினுக்காக மாற்றியமைத்த வண்டியாகத்தான் அதுவே பிறந்தது. அதனால் மேலே இடம் உண்டு, இடிப்பது நீளத்தில்தான்.

பின் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை ஒருமுறை கீழே படுத்துப் பாருங்கள். மொத்தமே இரண்டடிக்குள் இருக்கும். ஐந்து கியர் பாக்ஸ் வைத்தால், சக்தியை முன் பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கிற ட்ரான்ஸ்பர் கேஸ் பின்னால் தள்ளிப்போகும், ஏற்கெனவே குட்டையான ஷாஃப்ட் இன்னும் குட்டையாகும், ஆக்ஸிலுக்கு இறங்குகிற கோணம் செங்குத்தாகிவிடும். வாய்க்கால் மதகில் ஒரு சக்கரம் தொங்கும்போது ஷாஃப்ட்டின் நீண்டு சுருங்குகிற ஸ்லிப் யோக் வெளியே வந்துவிடும், அல்லது மூட்டில் இருக்கிற கிராஸ் முறியும். முறியாவிட்டாலும் நாற்பதில் போகும்போதே தரை அதிரும். சரி, எஞ்சினை முன்னால் தள்ளுவோம் என்றால் ஃபேன் ரேடியேட்டரில் இடிக்கிறது. எஞ்சினுக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவில் உள்ள ஃபயர் வாலை வெட்டிப் பின்னால் தள்ளினால் கால் வைக்கிற இடம் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் இரண்டு மூன்று இஞ்ச்சுக்குத்தான் சண்டை.

அப்புறம் வலப்பக்கம். நம் வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸும் வலது, ட்ரான்ஸ்பர் கேஸிலிருந்து முன்னால் போகிற ஷாஃப்ட்டும் வலது, முன் டிஃபரன்ஷியல் குடமும் வலது ஓரம். டர்போவோ எக்ஸாஸ்ட்டோ வலப்பக்கம் இறங்குகிற எஞ்சினாக இருந்தால் அங்கே கை நுழையக்கூட இடம் இருக்காது. வாங்கப் போகிற எஞ்சினின் சம்ப் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) எந்தப் பக்கம் தொங்குகிறது என்றும் பார்க்க வேண்டும். முன் ஸ்பிரிங் அமுங்கும்போது ஆக்ஸில் மேலே வந்து சம்ப்பில் அடித்தால் ஆயில் மொத்தமும் வரப்பில்தான்.

கடைமடை (வேதாரண்யம்)

எஞ்சினைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் பிரேக் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் தம்பி. பழைய 9 இஞ்ச் டிரம், ஒற்றை லைன் மாஸ்டர் சிலிண்டர், மிதிக்கு உதவுகிற பூஸ்டர் கிடையாது என்றால் இருக்கிற எஞ்சினுக்கே அது போதாது. ஒரு பைப் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் ஒரேயடியாக பிரேக் போய்விடும். தண்ணீரில் இறங்கி ஏறியதும் டிரம்முக்குள் ஈரம் நின்று, மிதித்தால் கால் போகும், வண்டி நிற்காது. டிரெய்லரும் பின்னால் தள்ளுகிறது. இந்த நிலையில் 120 குதிரையை முன்னால் கட்டுவது ஆபத்து, அதை இங்கே யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், முன்னால் டிஸ்க் அல்லது பின்னாளில் வந்த வண்டிகளின் பெரிய டிரம், இதுதான் முதல் செலவு. டீசல் எஞ்சினில் பெட்ரோல் போல வேக்கம் (பூஸ்டரை இயக்குகிற காற்று உறிஞ்சல்) தானாகக் கிடைக்காது, பூஸ்டருக்கு ஆல்டர்னேட்டர் வாலில் வேக்கம் பம்ப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, எங்கள் பக்கம் உப்புக் காற்று. சேஸ் வெளியே பெயின்ட்டோடு பளிச்சென்று இருக்கும், உள்ளே பெட்டி பெட்டியாக அரித்திருக்கும். உங்களுக்குக் கடல் தூரம்தான், ஆனாலும் எஞ்சின் மவுண்டிங் வெல்டு வைக்கிற இடத்தைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது, சத்தம் மொத்தையாக வந்தால் தகட்டைத்தான் தட்டுகிறீர்கள்.

எம்ஹாக் பற்றி ஒரு வார்த்தை. கஜா அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, ரோட்டில் தென்னையும் புளியமரமும், பள்ளமெல்லாம் தண்ணீர். அந்த நாட்களில் எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டி என்றால் டீசலும் ஒரு பேட்டரியும் இருந்தால் ஓடியது, தள்ளிவிட்டாலும் பிடித்துக்கொண்டது. சென்சார் கனெக்டரில் தண்ணீர் புகுந்தால் கருவி மாட்டிப் பார்க்கிற ஆள் வரும்வரை வண்டி நிற்க வேண்டியதுதான். வேலை வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

டர்போதம்பி (கும்பகோணம்)

பிரேக் விஷயம் ஒத்துக்கொள்கிறேன் அண்ணே, அது இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது. ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் என்றாலே பயப்பட வேண்டியதில்லை. இ.சி.எம்.-ஐ டாஷுக்கு உயரத்தில் வைத்து, கனெக்டருக்கு கிரீஸ் வைத்து சீல் பண்ணி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சக்தி கூடினால் ஏற்றத்தில் கிளட்ச் தேயாது என்பதுதானே அவருடைய பிரச்சினை?

லேத்பட்டறை (மன்னார்குடி)

அந்தக் கேள்விக்குத்தான் வருகிறேன். வெண்ணாற்றங்கரை தம்பி, கரை ஏறும்போது ட்ரான்ஸ்பர் கேஸ் லீவரை லோவில் (வேகம் குறைந்து இழுப்பு கூடுகிற நிலையில்) போடுகிறீர்களா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் போடுவதில்லை என்று தோன்றுகிறது.

கணக்கைப் பாருங்கள். மூன்று கியர் பாக்ஸில் முதல் கியர் 2.8, ட்ரான்ஸ்பர் கேஸ் லோ 2.46, ஆக்ஸில் 5.38. பெருக்கினால் 37 வருகிறது. எஞ்சின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு இரண்டேகால் மீட்டர் போகும், ஆக 1000 ஆர்.பி.எம்.மில் வண்டி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர், ஆள் நடக்கிற வேகம். அதில் ஏறினால் கிளட்ச் காலை முழுக்க எடுத்துவிடலாம், தேய்க்கவே வேண்டாம். மண் கரையில், சேற்றில் லோ தாராளமாகப் போடலாம். தார் ரோட்டில் மட்டும் முன் ஆக்ஸிலைச் சேர்த்து ஓட்டாதீர்கள், வளைவில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி ஏதாவது ஒன்று போகும்.

இதே 37-ஐ வைத்து 280 டார்க்கைப் பெருக்கிப் பாருங்கள், பத்தாயிரத்துக்கு மேல் போகிறது. சேற்றில் டயர் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். ஆனால் ஒரு சக்கரம் தென்னை வேரில் கடித்து நிற்கிற இடத்தில் மிதித்தால் அந்த முறுக்கை யார் வாங்குவது? ஆக்ஸில் ஷாஃப்ட்டோ கிராஸோ கிரவுன் பினியனோதான். ஹரிகேன் கொடுத்த டார்க் 155 சுற்றுவட்டம், அதற்குப் பார்த்துச் செய்த சாமான்கள் இவை.

ஹைவேக்கும் கணக்கு சொல்கிறேன். டாப் கியர் நேர், ஆக்ஸில் 5.38. அறுபதில் போனால் எஞ்சின் 2400 சுற்றுகிறது, எண்பதில் 3200. இந்த டீசல்கள் 4000-க்குப் பக்கத்தில் கவர்னர் பிடித்து நிற்பவை. நூறுக்கு மேல் எந்த டீசலை வைத்தாலும் போகாது, போகவும் கூடாது. ஒரு டன் வண்டி, குட்டை வீல் பேஸ், கமான் பட்டை. சட்டென்று ஸ்டியரிங்கை வெட்டினால் கவிழும். பஸ்ஸுக்கு ஒதுங்குவதில் குறைவொன்றும் இல்லை தம்பி.

ஆவணக்காரர் (தஞ்சாவூர்)

எல்லோரும் இரும்பைப் பேசுகிறீர்கள், காகிதத்தை நான் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பதுதான் அடிப்படை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றுகிற உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அப்பா காலத்தில் பெட்ரோலை டீசலாக்கிப் பதிந்தது பழைய கதை, அது ஆர்.சி.யில் இருக்கும்வரை உங்களுக்குப் பலம். ஆனால் அதை வைத்து எதையும் ஏற்றலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எஞ்சின் மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். ஒரே தயாரிப்பு, ஒரே வகை என்று காட்ட முடிந்தால் பேச இடம் உண்டு. ஸ்கார்பியோ எஞ்சினை வைத்துக்கொண்டு பிறகு போய் நின்றால் பேச்சுக்கே இடமில்லை. பழைய எஞ்சின் வாங்கும்போது பில், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான சான்று, மூன்றும் கையில் வாங்குங்கள். இல்லையென்றால் திருட்டு வண்டி எஞ்சின் எண் உங்கள் சேஸில் வந்து உட்காரும்.

இன்ஷூரன்ஸையும் மறக்காதீர்கள். ஒரு விபத்தில் எதிரே வந்தவருக்கு அடிபட்டு, ஆர்.சி.யில் இல்லாத எஞ்சின் என்று வந்துவிட்டால் இழப்பீட்டை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நிலத்தை விற்றுக் கொடுக்கிற நிலை வரும்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. லேத்பட்டறை அண்ணன் கேட்டது சரிதான், லோ லீவரை நாங்கள் சேற்றில் மாட்டினால் மட்டும்தான் தொடுவோம். நேற்று டிரெய்லரில் வைக்கோல் கட்டோடு லோவில் போட்டு அதே கரையில் ஏற்றிப் பார்த்தேன், ஆக்ஸிலரேட்டரைச் சும்மா தொட்டாலே போதுமாக இருந்தது. அப்படியானால் எஞ்சினே மாற்ற வேண்டாமா? புகை அடிக்கிறதே, அது தேய்மானம்தானே? மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் இதற்கு நெருக்கமாக எதுவும் உண்டா?

படுகைவாசி (மயிலாடுதுறை)

என் யோசனை ஹரிகேனையே தேடிப் பிடித்துத் திரும்ப வைப்பது. கீழிருந்தே இழுக்கும், அதிர்வில்லை, முன்பக்கம் பாரம் குறையும், களிமண்ணில் மூக்கு புதையாது. அதன் சத்தம் கேட்டவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது. ஆனால் பெட்ரோல் விலைக்கும் அது குடிக்கிற அளவுக்கும் தினசரி வேலைக்குக் கட்டாது என்பதும் எனக்குத் தெரியும், இருந்தாலும் ஆசையைச் சொல்லிவிட்டேன்.

லேத்பட்டறை (மன்னார்குடி)

ஹரிகேன் மேல் எனக்கும் ஆசைதான், ஆனால் இவர் டிரெய்லர் இழுக்க வேண்டும், ஆர்.சி.யும் டீசல்.

தம்பி, உங்கள் எஞ்சினின் குடும்பத்துக்குள்ளேயே ஒரு அண்ணன் எஞ்சின் இருக்கிறது. உங்களுடையது எக்ஸ்.டி.பி. 4.90. நான்கு சிலிண்டர், 90 மில்லி போர் (சிலிண்டர் விட்டம்), 83 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுகிற தூரம்), அதுதான் 2112. அதே பியூஜோ குடும்பத்தில் எக்ஸ்.டி.3பி (XD3P) என்று ஒன்று, மஹிந்திரா வண்டிகளில் நிறைய வந்தது. போர் 94, ஸ்ட்ரோக் 90, மொத்தம் 2498. கிட்டத்தட்ட 400 சி.சி. கூடுகிறது, மெக்கானிக்கல் பம்ப், வயரிங் பழையபடி, டர்போ இல்லை. உங்கள் அடாப்டர் பிளேட்டும் மூன்று கியர் பாக்ஸும் இருக்கிற இடத்தில் இருக்க, ஷாஃப்ட் நீளமும் கோணமும் மாறாமல் உட்காரக்கூடியது இந்தக் குடும்பம்தான். ஆனாலும் என் வார்த்தையை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். பிளேட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய், வாங்கப் போகிற எஞ்சினின் பின்முகத்தில் வைத்து எல்லா போல்ட்டும் இடத்தை நிலைநிறுத்துகிற டவல் பின்னும் ஒக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

டி.ஐ. டர்போவைக் கேட்டீர்கள். 88.9 போர், 101.6 ஸ்ட்ரோக், 2523. டிராக்டர் வம்சம். நீண்ட ஸ்ட்ரோக் என்பதால் அடியிலிருந்தே இழுக்கும், குளிரிலும் ஹீட்டர் இல்லாமல் பிடிக்கும், மைலேஜும் அதில்தான் கூடுதல். நம் ஊரில் டிராக்டர் பார்க்கிற யாரும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். ஆனால் புது அடாப்டர், புது மவுண்டிங், டர்போவுக்கு இடம், கூடுதல் அதிர்வு என்று வேலை வளரும். இந்த 80 இஞ்ச் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன், 91 இஞ்ச் எம்.எம். 540 வைத்திருக்கிறவர் வந்தால் அதைத்தான் சொல்வேன். குவாலிஸ் எஞ்சின் பட்டு மாதிரி ஓடும், ஆனால் பழசாகிவிட்டது, நல்லது கிடைப்பது அரிது, காகிதத்துக்கும் ஆவணக்காரர் சொன்ன அதே சிக்கல்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அழுத்தம்) பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் போர், ரிங், வால்வு வேலை. ஒன்று மட்டும் என்றால் கதை வேறு. பம்ப்பையும் நோசிலையும் டீசல் பம்ப் கடையில் கொடுத்து டெஸ்ட் பெஞ்ச்சில் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு ஹீட்டர் பிளக் நான்கில் இரண்டு செத்திருந்தாலே போதும், இந்த எஞ்சின் ஹீட்டர் இல்லாமல் முனகும். இதையெல்லாம் சரி பண்ணிய 2112-ஐ நீங்கள் ஓட்டியே பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆவணக்காரர் (தஞ்சாவூர்)

2498 வைப்பதென்றாலும் சி.சி. மாறுகிறது, தானாக அனுமதி கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அதே குடும்ப எஞ்சின், அதே எரிபொருள், அதே தயாரிப்பாளர் வண்டியில் வந்தது என்று விவரத்தோடு மனு கொடுங்கள். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இருக்கிற 2112-ஐப் புதுப்பிப்பதுதான் வழி. அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், எஞ்சின் எண்ணும் மாறாது.

டர்போதம்பி (கும்பகோணம்)

கணக்கைப் பார்த்தபிறகு 3பி-க்கு எம்ஹாக் வேண்டாம் என்பது எனக்கும் புரிகிறது. ரேடியேட்டரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். எந்த எஞ்சின் வைத்தாலும் ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க வைக்கிற கூடு) போடுங்கள் அண்ணே. சித்திரை வெயிலில் லோ கியரில் மெதுவாகப் போகும்போது காற்றை இழுப்பது ஃபேன் மட்டும்தான், ஷ்ரவுட் இல்லையென்றால் அது பக்கவாட்டுக் காற்றைத்தான் சுற்றும். அறுவடை நேரத்தில் வைக்கோல் தூசி ரேடியேட்டர் முகத்தில் படிந்திருக்கும், அதையும் உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

அப்பாவிடமும் படித்துக் காட்டினேன். இப்படிப் பண்ணலாம் என்று இருக்கிறோம். முதலில் இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டரும் முன் டிஸ்க்கும். கூடவே 2498-க்கு மனு. பதில் வருவதற்குள் கம்ப்ரஷனும் பம்ப்பும் பார்த்துவிடுவோம். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து குறுவை வேலை ஆரம்பித்தால் வண்டியை நிறுத்த முடியாது, அதற்குள் முடிய வேண்டும். லேத்பட்டறை அண்ணே, அடாப்டர் பிளேட்டை எப்படியும் கழற்றப் போகிறோம். அதில் என்ன பார்க்க வேண்டும்?

லேத்பட்டறை (மன்னார்குடி)

நல்ல முடிவு தம்பி. பிளேட்டில் முக்கியம் சென்டர். ஃபிளைவீலில் காந்தக் காலோடு டயல் கேஜை நிறுத்தி, கிளட்ச்சை மூடியிருக்கிற பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் முள்ளை வைத்து, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் ஆடுவது கால் மில்லிக்குள் அடங்க வேண்டும், அதற்குள்ளும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதற்கு மேல் ஆடினால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் கோணலாக நுழைந்து பைலட் பேரிங்கைத் தின்னும், கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்பிளைன் தேயும், முதல் கியர் கத்தும். உங்கள் கிளட்ச் தேய்வதற்குக் கரை ஏற்றம் மட்டும் காரணமா, இந்தப் பிளேட்டும் சேர்ந்து காரணமா என்பது அப்போது தெரிந்துவிடும். ஆட்டம் அதிகமென்றால் பழைய டவல் பின்னை எடுத்துவிட்டு, கேஜ் வைத்துச் சென்டர் பண்ணி, புதிதாகத் துளை போட்டுப் பின் அடித்துக்கொள்ளலாம். பிளேட்டோடு பெல் ஹவுசிங்கையும் ஃபிளைவீலையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், பிளேட்டை மட்டும் கொண்டு வந்தால் எதையும் அளக்க முடியாது.